காப்பி அடிக்காம இருக்கறதுக்கெல்லாம் யுனிவர்சிட்டில விருது கொடுக்கணுமா?

கேள்வி கேட்டவரோட யுனிவர்சிட்டில கல்வி நேர்மையை வளர்க்கிற ஸ்டூடன்ட்ஸுக்கும் ஊழியர்களுக்கும் இனிமே வருஷா வருஷம் விருதுன்னு சர்க்குலர் வந்திருக்காம், நேர்மையா இருக்கறது கடமை தானே அதுக்கு எதுக்கு ஷீல்டுன்னு கேக்குறார். நியாயமான கேள்வி தான். இந்த மாதிரி ஒரு விருதுக் கமிட்டில நான் மூணு வருஷம் உக்காந்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல் வருஷம் நாங்க பண்ணின கூத்தை சொல்லியே ஆகணும். வந்த நாமினேஷன்ல முக்காவாசி "இவர் ரொம்ப நல்லவர், நேரத்துக்கு வருவார்" டைப். இதை வச்சு என்னத்த முடிவு பண்றதுன்னு, எண்ணிக்கைன்னு ஏதாவது கண்ணுல பட்டது ஒரே ஒரு ஃபைல் தானே, அதை எடுத்தோம். எக்ஸாம் ஹால்லயும் அசைன்மென்ட்லயும் அதிக பேரை பிடிச்ச ஒரு ப்ரொஃபசர். அவருக்கே கொடுத்தோம். ஃபங்ஷன்ல பசங்க யாரும் கை தட்டல. அப்புறமா தான் விஷயம் தெரிஞ்சுது, மனுஷன் பல வருஷமா அதே அசைன்மென்ட் கேள்வியை ஒரு நம்பர் கூட மாத்தாம கொடுத்துட்டு இருந்திருக்கார், விடை வாட்ஸப் குரூப்ல பேட்ச் பேட்ச்சா கை மாறிட்டே இருந்திருக்கு. அவரே விதை போட்டு அவரே அறுவடை பண்ணியிருக்கார், நாங்க அதுக்கு பொன்னாடை போர்த்தியிருக்கோம்.

அடுத்த வருஷம் ஒரு பொண்ணு கையெழுத்துல ரெண்டு பக்கம் எழுதி ஃபிஸிக்ஸ் லேப் அசிஸ்டன்ட் அண்ணனை நாமினேட் பண்ணியிருந்தா. விஷயம் என்னன்னா லேப்ல வோல்டேஜ் அளக்கற பொட்டென்ஷியோமீட்டரோட கம்பி தேஞ்சு போயிருந்தது, ஜாக்கின்னு கம்பி மேல தொட்டு நகத்தற முனையை வச்சு வருஷக்கணக்கா இழுத்தா தேயாம என்ன பண்ணும், ஒழுங்கா எக்ஸ்பெரிமென்ட் பண்ணினா ரீடிங் தப்பா தான் வரும், தப்பா வந்தா ரெக்கார்டுல சிவப்பு மை, அதனால எல்லாரும் சீனியர் ரெக்கார்டை பாத்து எழுதிட்டாங்க. அதாவது நேர்மையா செஞ்சவனுக்கு மார்க் குறையும், காப்பி அடிச்சவனுக்கு முழு மார்க். இந்த லேப் அண்ணன் தான் லேப் எடுக்கற மேடம்கிட்ட போய் பேசினார். ரீடிங் எடுத்த உடனே ரஃப் நோட்டுல நேரம் போட்டு நான் கையெழுத்து போடறேன், வந்த ரீடிங்கையே எழுதட்டும், ஏன் தப்பா வந்துச்சுன்னு எழுதறவனுக்கு நீங்க மார்க் போடுங்கன்னு சொல்லியிருக்கார். அந்த செமஸ்டர்லேர்ந்து பழைய ரெக்கார்டுக்கு மவுசே போயிடுச்சு. யாரையும் பிடிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல. என்னை கேட்டா விருது இந்த மாதிரி ஆளுக்கு தான், தான் நேர்மையா இருந்ததுக்கு இல்ல, மத்தவன் நேர்மையா இருந்தா நஷ்டப்படாம பாத்துக்கிட்டதுக்கு.

தன் தப்பை தானே வெளிய சொல்றவங்களையும் இந்த லிஸ்ட்ல சேக்கணும். ஃபிரான்சஸ் ஆர்னால்டுன்னு 2018-ல கெமிஸ்ட்ரி நோபல் வாங்கினவங்க, 2019-ல வந்த அவங்க குரூப் பேப்பரை 2020 ஜனவரில திரும்ப எடுத்துக்கிட்டாங்க. அதே ரிசல்ட் மறுபடி வரல, நோட்புக்லயும் சில என்ட்ரி இல்ல. வேலை அதிகம் இருந்ததுல நான் சரியா கவனிக்கலன்னு ட்விட்டர்ல அவங்களே எழுதினாங்க. நோபல் வாங்கினவங்க சொன்னா பாராட்டுவோம், அதையே ஒரு பிஎச்டி ஸ்காலர் சொன்னா கைடு மூஞ்சி எப்படி போகும்னு யோசிச்சு பாருங்க. கல்வி நேர்மைக்கான சர்வதேச மையம் 1999-ல நேர்மை, நம்பிக்கை, நியாயம், மரியாதை, பொறுப்புன்னு அஞ்சு மதிப்புகளை சொல்லிட்டு, 2014-ல துணிச்சலை ஆறாவதா சேத்தது இதுக்காக தான்னு நான் நினைச்சுப்பேன்.

ஸ்டூடன்ட்ஸ் விஷயத்துல ஒண்ணு ஜாக்கிரதை. கேள்வித்தாள் லீக்கை சொன்ன ஒரு பையனுக்கு விருதுன்னு முடிவு பண்ணி கூப்பிட்டோம், "சார், பேரை மட்டும் போட்டுடாதீங்க, இன்னும் ரெண்டு வருஷம் இதே ஹாஸ்டல்ல தான் இருக்கணும்"னான். மேடையில ஏத்தினா அவன் நெத்தில 'காட்டிக் கொடுத்தவன்'னு நாமளே எழுதி ஒட்டின மாதிரி தான். லெட்டர் ஒண்ணு தனியா கொடுத்தோம், மேல்படிப்புக்கு போறப்போ அவனுக்கு வேணும்னா காட்டிக்கட்டும்.

அப்புறம் உறுதிமொழில கையெழுத்து வாங்கறது, போஸ்டர் ஒட்டறது, இதுக்கெல்லாம் விருது வேணாம் ப்ளீஸ். ஃபாரத்துல கையெழுத்தை கீழ போடாம மேலயே போட்டா ஜனங்க உண்மையை எழுதுவாங்கன்னு 2012-ல ஒரு ஆராய்ச்சி ரொம்ப பிரபலம், 2021-ல அந்த பேப்பரையே திரும்ப எடுத்துட்டாங்க, ஏன்னா அதுல ஒரு டேட்டாவே போலி. நேர்மை பத்தின ஆராய்ச்சிங்க அது!

எக்ஸாம் செல் கிளார்க், லைப்ரரியன் இவங்களையும் விட்டுடாதீங்க, மேற்கோள் எப்படி காட்டறதுன்னு பல பசங்களுக்கு உண்மையிலேயே சொல்லிக் கொடுக்கறது லைப்ரரியன் தான். நாமினேஷன் ஃபாரத்துல "இவர் என்ன மாத்தினார், அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, பாதி ஃபாரம் தானா உதிர்ந்துடும்.

அந்த லேப் அண்ணன் ஷீல்டு வாங்கின மறுநாள் என் ரூமுக்கு வந்தார். சந்தோஷம் சார், ஆனா இந்த காசுல ஒரு புது பொட்டென்ஷியோமீட்டர் வாங்கியிருக்கலாமேன்னார். நான் பர்ச்சேஸுக்கு எழுதிப் போட்டேன், வந்து சேர எட்டு மாசம் ஆச்சு.