கலைக் கல்லூரி முதலாண்டு: கேள்விகளும் பதில்களும்

அரசு கலைக் கல்லூரிகளில் பல ஆண்டுகள் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், முதலாண்டு மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

ஐயா, வரலாறு பிடித்துத்தான் பி.ஏ. சேர்ந்தேன், தமிழ்வழியில். "இதைப் படித்து என்ன கிழிக்கப் போகிறாய்?" என்கிறார்கள் உறவினர்கள். வேறு பாடத்துக்கு மாறிவிடட்டுமா? (விழுப்புரம் மாவட்ட மாணவர்)

மாறாதீர்கள், தம்பி. இடம் கிடைத்ததே என்று சேர்ந்தவர்கள் நிறைந்த வகுப்பில், பிடித்துச் சேர்ந்த ஒருவர் இருந்தாலே ஆசிரியருக்குத் தெம்பு வந்துவிடும்.

உங்கள் மாவட்டத்திலேயே மண்டகப்பட்டில், பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இக்கோயிலை அமைத்ததாக மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே கல்வெட்டில் சொல்லியிருக்கிறான். ஒரு சனிக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு போய் அந்தக் குடைவரையின் முன்னால் நில்லுங்கள். வாயிற்காவலர் சிற்பங்களைப் பார்த்து நீங்களாகவே ஒரு பக்கம் எழுதுங்கள். கடையில் விற்கும் கைடு ஒருநாளும் தராத பயிற்சி அது.

தமிழ்வழியை இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு விவரம் தெரியவில்லை. மாநில அரசுப் பணிகளின் நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு இடங்கள் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமையாக ஒதுக்கப்படுகின்றன. 2010ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆனால் 2020இல் செய்த திருத்தத்தைக் கவனியுங்கள். பட்டப்படிப்பை மட்டும் தமிழ்வழியில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் முழுக்கத் தமிழ்வழியில் இருக்க வேண்டும். தமிழ்வழிச் சான்றிதழைப் பள்ளியில் தனியாகவும் கல்லூரியில் தனியாகவும் வாங்க வேண்டும். கல்லூரியை விட்டு வெளியேறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு ஒரு கையெழுத்துக்காக ஊரிலிருந்து அலைவது பெரும் பாடு.

இரண்டாம் ஷிப்டில் படிக்கிறேன். விடியற்காலை காய்கறி மண்டியில் வேலை. மதியம் வகுப்பில் தூக்கம் வருகிறது, சில நாள் வரவே முடிவதில்லை. தேர்வு எழுத விடுவார்களா?

75 விழுக்காடு வருகை இருந்தால் கவலை இல்லை. அதற்குச் சற்றுக் குறைந்தால், அபராதம் கட்டித் தேர்வு எழுதப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. மிகவும் குறைந்தால் அந்தப் பருவத் தேர்வையே எழுத முடியாது. எல்லைகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், உங்கள் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வற்புறுத்திச் சொல்வது வேறு. உங்கள் வேலையைப் பற்றித் துறைத்தலைவரிடம் இப்போதே சொல்லுங்கள். தேர்வுக் கட்டணம் கட்டும் வாரத்தில் வந்து நிற்கும் மாணவரை எந்த ஆசிரியராலும் காப்பாற்ற முடியாது, அதற்குள் வருகைப் பதிவேடு அலுவலகத்துக்குப் போயிருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் தவறவிட்ட உள்தேர்வை மறுபடி எழுதவைக்கவாவது வழி பார்ப்போம். உழைத்துக்கொண்டே படிக்கிறவர்மீது எங்களில் பெரும்பாலோருக்கு மரியாதைதான் உண்டு. அதை நம்பி வாய்திறந்து பேசுங்கள்.

ஆங்கிலத்தில் அரியர் விழுந்துவிட்டது. ராமானுஜனே தோற்றவர்தானே என்று நண்பர்கள் தேற்றுகிறார்கள்.

அந்த ஆறுதலை நான் ஏற்க மாட்டேன். கணிதம் தவிர மற்ற பாடங்களில் தேறாததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவருடைய உதவித்தொகை பறிபோனது. பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தரும்வரை அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு மேதையையே அந்தக் காலத்துத் தேர்வு முறை அப்படி அலைக்கழித்தது. இன்று உங்களுக்கு அடுத்த பருவத்திலேயே மறுபடி எழுதும் வாய்ப்பு இருக்கிறது.

முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். முடிவு வந்த சில நாட்களுக்குள் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், அறிவிப்புப் பலகையைத் தவறாமல் பாருங்கள். நகல் கைக்கு வந்ததும் எத்தனை கேள்விகளைத் தொடாமல் விட்டிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். நான் திருத்திய தாள்களில் தப்பாக எழுதித் தோற்றவர்களைவிட எழுதாமல் விட்டுத் தோற்றவர்களே அதிகம். கடிதம், பத்தியைப் படித்து விடையளித்தல் இரண்டும் பாடத்தை மனப்பாடம் செய்யாமலே மதிப்பெண் தருபவை. தினமும் ஒன்று எழுதி ஆங்கிலத் துறையில் யாரிடமாவது காட்டுங்கள்.

என் மகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அதைச் சீட்டுக் கட்டுகிறோம். தவறா? (ஒரு தாய்)

உங்கள் வீட்டு நெருக்கடி எனக்குப் புரிகிறது, அம்மா. ஆனாலும் அந்தப் பணம் அவள் கையில் இருக்கட்டும். 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் பாதியில் நின்றுவிடாமல் மேலே படிக்கவேண்டும் என்பதற்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் இது. தேர்வுக் கட்டணம், புத்தகம், நகல் எடுக்கும் செலவு, மதியப் பசி என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டே படிப்பில் பின்தங்கிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மிச்சமானதை அவளே சேர்த்து வைப்பாள். மகன் இருந்தால் அவனுக்கும் சொல்லுங்கள், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு முதல் நடக்கிறது.

என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) சேரலாமா, என்.சி.சி. (தேசிய மாணவர் படை) சேரலாமா?

ராணுவ அதிகாரி ஆகும் எண்ணம் இருந்தால் என்.சி.சி. சேருங்கள். அதன் 'சி' சான்றிதழ் உரிய தரத்தில் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேர்முகத் தேர்வுக்குப் போகும் வழியே உண்டு. மற்றவர்களுக்கு என்.எஸ்.எஸ். போதும். ஏழு நாள் சிறப்பு முகாமை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் துறையில் பாதிப் பேர் கௌரவ விரிவுரையாளர்கள். நிரந்தர ஆசிரியர்கள் இல்லாதது எங்களுக்கு நட்டமா?

நிரந்தரப் பணியிடங்களை நிரப்ப வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் உங்கள் முன்னால் நிற்கிறவரைக் குறைத்து எடைபோடாதீர்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் முனைவர் பட்டமும் பெற்று, குறைந்த ஊதியத்தில் பாடம் நடத்துகிறவர்கள் அவர்களில் ஏராளம். அண்மையில் போட்டித் தேர்வு எழுதியவர்கள் என்பதால் உங்களுக்கு வழிகாட்ட என்னைவிடப் பொருத்தமானவர்கள். வகுப்பு முடிந்ததும் போய்ச் சந்தேகம் கேளுங்கள்.

இந்தக் கல்லூரியில் படிக்கிறேன் என்பதற்கான போனஃபைடு சான்றிதழ் கேட்டால் நாளைக்கு வா, நாளைக்கு வா என்கிறார்கள்.

விண்ணப்பத்தை எழுதி, எதற்காகத் தேவை, எந்தத் தேதிக்குள் தேவை என்று குறிப்பிட்டுத் துறைத்தலைவரின் கையொப்பம் வாங்குங்கள். ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொண்டு மூலத்தை அலுவலகத்தில் கொடுங்கள். காலையில் போங்கள், அடையாள அட்டையை மறக்காதீர்கள்.