உங்களிடம் உள்ள பழைய கருப்பு வெள்ளைப் புகைப்படங்களில் உங்கள் மனதுக்கு மிக நெருக்கமானது எது?

எங்கள் தாத்தாவின் படம். 9 சென்டிமீட்டர் நீளம், 6 அகலம். சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. பின்பக்கம் பென்சிலில் 1951 என்று இருக்கிறது. கன்னங்கரேல் என்று ஒரு ஜெர்சி, அரை டிராயர், மடியில் ஃபுட்பால், வெறுங்கால்.

வெறுங்காலைப் பார்த்து வறுமை என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு ஆட்டமே அப்படித்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸோடு மோதிய இந்திய அணியிலேயே பெரும்பாலோர் பூட்ஸ் போடவில்லை. சாரங்கபாணி ராமன் கோல் அடித்தும், இரண்டு பெனால்டிகள் வீணாகி 2-1 என்று தோற்றார்கள்.

படம் சின்னதுதான், ஆனால் காண்டாக்ட் பிரிண்ட். நெகட்டிவ்வைத் தாளின் மேல் அப்படியே வைத்து ஒளி காட்டி எடுப்பது. பெரிதாக்காததால் எதுவும் கலங்காது. வாட்ச் ரிப்பேர் செய்பவர்களின் கண் லென்ஸை வைத்துப் பாருங்கள். பந்தின் வாயைக் கட்டியிருக்கும் தோல் வார் தெரியும், கணுக்கால் துணிக்கட்டில் பிரிந்து தொங்கும் ஒற்றை நூல் தெரியும். பந்தைப் பிடித்திருக்கும் விரல்கள் அழுந்தியிருப்பதும் தெரியும். முகத்தில் ஒரு விறைப்பு. பதற்றமெல்லாம் அந்த விரல்களில்தான்.

போன வருஷம் என் தம்பி மகன் இதை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் கலர் ஏற்றிக்கொண்டு வந்தான். ஜெர்சி கருநீலமாக வந்திருந்தது. ஆச்சி பார்த்த மாத்திரத்தில், "இது என்னல நீலம்? சிவப்புல்லா அது" என்றாள். கல்யாணமாகி வந்தபோது அந்த ஜெர்சி பெட்டியில் இருந்ததாம். நைந்துபோன பிறகு அடுப்படியில் கரித்துணியாகக் கிடந்ததாம். அவளுக்குத் தெரியாதா?

அந்தக் காலத்து ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. டார்க் ரூமில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே அதைக் கழுவுவார்கள். நீலமும் பச்சையும் அதில் பதியும்; சிவப்பு பதியாமல் போய், பிரிண்டில் கறுப்பாக வரும். மாநிறத்தையும் ஒரு படி கறுப்பாகவே காட்டும். "உங்க தாத்தா இவ்வளவு கறுப்பு இல்லடா" என்று ஆச்சி சொல்லிக்கொண்டே இருந்ததும் உண்மைதான். நாங்கள்தான் ஆசையில் சொல்கிறாள் என்று விட்டுவிட்டோம்.

மறுவாரம் அவன் சிவப்பு ஏற்றிப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வந்தான். ஆச்சி வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. அந்தச் சின்னதக் குடு" என்று வாங்கி, பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.