கொரோனா கட்டுப்பாட்டுக் காலத்தில் பக்கத்துக் கடையும் அக்கம்பக்கத்து விழாவும்: கேள்வி பதில்

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். குடியிருப்போர் விழாக்களை நடத்திய அனுபவமும் உண்டு. இந்த இரண்டைப் பற்றியும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மருத்துவக் கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: அக்கா, எங்கள் தெருவில் பாதிக் கடைகள் தள்ளாடுகின்றன. உதவ ஆசை. எதில் தொடங்குவது?

ப: கடை எப்படி மூடப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். விற்பனை குறைந்த அன்றே யாரும் ஷட்டரை இறக்குவதில்லை. வாடகை, சம்பளம், மின்கட்டணம், வட்டி எல்லாம் விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் பிறந்தால் வந்து நிற்கும், அதைக் கட்டிக் கட்டிக் கையிருப்பு தீர்கிற நாளில்தான் கடை போகிறது. அமெரிக்காவில் ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் ஆய்வுப் பிரிவு 2016இல் சுமார் 6 லட்சம் சிறு நிறுவனங்களின் வங்கிக் கணக்குகளைப் பார்த்தது. வரவு நின்றுவிட்டால் நடுத்தரமான ஒரு நிறுவனம் 27 நாள் தாங்கும், உணவகம் என்றால் 16 நாள்தான் என்று தெரிந்தது. அதனால் பெரிய தொகையை என்றோ ஒருநாள் கொடுப்பதைவிட, சின்னத் தொகை இப்போதே போய்ச் சேருவது முக்கியம். கடையில் பாக்கி வைத்திருக்கிறீர்களா? இன்றே தீர்த்துவிடுங்கள். ஏற்கெனவே அவர்களுக்குச் சேர வேண்டிய பணம் அது. அலுவலகத்துக்குப் பொருள் வாங்குபவர்கள் பில்லை மாதக் கடைசி வரை வைத்திருக்காமல் வந்ததும் கொடுத்துவிடுங்கள்.

கே: பரிசுக் கூப்பன் வாங்கி வைக்கலாமா?

ப: வாங்கலாம், போனால் போகட்டும் என்று விடக்கூடிய அளவுக்கு மட்டும். கூப்பன் என்பது நீங்கள் கடைக்குக் கொடுக்கும் கடன். கடை திவாலானால் அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கி போன்றவர்களெல்லாம் எடுத்தது போக மீதி இருந்தால்தான் உங்களுக்கு. இன்னொன்று, மூடிய கடை மீண்டும் திறந்த முதல் வாரமே எல்லோரும் கூப்பனோடு போய் நிற்காதீர்கள். சரக்கு வெளியே போகும், கல்லாவில் காசு விழாது. நன்றாக இருந்த கடைகூட அப்படித் திணறியதைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன்.

கே: செயலியில் ஆர்டர் செய்தால் கடைக்குத்தானே போகிறது?

ப: முழுதாகப் போவதில்லை. காசு யார் கைக்குப் போகிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். செயலி நிறுவனம் கடையிடம் பிடிக்கும் கழிவு (கமிஷன்) நூற்றுக்கு முப்பது வரை போகும் இடங்கள் உண்டு, பல சிறு கடைகளுக்குச் செலவு போக நிற்கும் லாபமே அவ்வளவு இருக்காது. 2020 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரம் இந்தக் கழிவுக்கு 15 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது, அடுத்த மாதம் நியூயார்க்கும் வரம்பு கொண்டுவந்தது. நிலைமை அவ்வளவு மோசம். முடிந்தவர்கள் கடைக்கே போன் செய்து, நடந்து போய் வாங்குங்கள்.

கே: நான் டெலிவரி வேலை செய்கிறவன். எல்லோரும் நேரடியாக வாங்கினால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது அக்கா?

ப: நியாயமான கேள்வி தம்பி. கடையிடம் பிடிக்கும் அந்த முப்பது முழுதாக உங்கள் கைக்கு வருவதில்லை என்பதால்தான் சொல்கிறேன். ஒரே தெருவின் நாலு கடைகள் சேர்ந்து ஒருவரை வேலைக்கு வைத்தால் அவருக்கு நிலையான சம்பளம் கிடைக்கும்.

கே: (அதே தம்பி) நாலு கடைக்கு மாலையில் இரண்டு மணி நேரம்தான் வேலை இருக்கும். செயலியில் நாள் முழுக்க ஓடலாம்.

கே: (ஒரு கடைக்காரர்) நானும் சொல்கிறேன், செயலி இல்லையென்றால் என் கடை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

ப: இரண்டும் உண்மை. ஆனால் கடைக்காரரே, உங்களைத் தெரிந்துகொண்ட வாடிக்கையாளர் பத்தாவது முறையும் அதே வழியில் வந்தால், பத்து முறையும் கழிவு கொடுக்கிறீர்கள். பொட்டலத்தோடு கடையின் தொலைபேசி எண்ணை வையுங்கள், உங்கள் ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்று பார்த்துவிட்டு. தம்பி, வெளியே வர முடியாத முதியவர்கள், தனிமைப்படுத்தப்பட்டவர்கள் செயலியில்தான் வாங்குவார்கள், வாங்கட்டும். டிப்ஸை மட்டும் கையில் கொடுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். இதற்குமேல் இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: பொட்டலத்தைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டுமா?

ப: வேண்டாம். பரப்புகளைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழ் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. கையைக் கழுவுங்கள், போதும்.

கே: குடியிருப்பு அரங்கில் சின்னதாக ஒரு பாட்டு நிகழ்ச்சி. இடைவெளி விட்டு நாற்காலி போடுகிறோம். சரிதானே?

ப: சரியில்லை. 2020 மார்ச் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பகுதியில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர், நோய் கண்டவர்கள், கண்டிருக்கக்கூடியவர்கள் என்று 53 பேர், இரண்டு பேர் இறந்தார்கள். ஒத்திகைக்கு நோய்க்குறியோடு வந்தவர் ஒரே ஒருவர். பாடும்போதும் உரக்கப் பேசும்போதும் வாயிலிருந்து வரும் நுண்துளிகள் மூடிய அறையின் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும், அதற்கு உங்கள் நாற்காலி இடைவெளி பதில் இல்லை. மொட்டை மாடி, திறந்த மைதானம், வாகன நிறுத்துமிடம், எதுவானாலும் வானம் தெரிகிற இடத்துக்கு நிகழ்ச்சியை மாற்றுங்கள். நேரத்தைப் பாதியாக்குங்கள். உள்ளேதான் நடத்த வேண்டும் என்றால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, கார்பன் டை ஆக்சைடு மானி ஒன்று வையுங்கள், நாம் வெளிவிடும் மூச்சு அறையில் எவ்வளவு தேங்குகிறது என்று அது காட்டும். வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும், உள்ளே 800ஐத் தாண்டினால் ஆட்களை வெளியே அனுப்பிக் காற்றை மாற்றுங்கள். இதை எழுதி எழுதிக் கை ஓய்ந்தாலும் திரும்பச் சொல்வேன், ஜன்னலைத் திறங்கள்.

கே: பார்சிலோனாவில் 5,000 பேர் உள்ளரங்கக் கச்சேரி பார்த்தார்களே?

ப: பார்த்தார்கள், 2021 மார்ச்சில். அன்றே பரிசோதனை, தரமான முகக்கவசம், மேம்படுத்திய காற்றோட்டம், மூன்றும் இருந்தன. மூன்றும் உங்களால் முடியுமா?

கே: வாங்கிய பையைத் துடைத்துவிட்டு உள்ளே கொண்டு போகலாமா?

ப: மேலே பதில் இருக்கிறது.

கே: பாதி விலைத் தள்ளுபடி கொடுத்துக் கூட்டம் வரவைத்தால்?

ப: பிரிட்டன் 2020 ஆகஸ்டில் அதைச் செய்தது, திங்கள் முதல் புதன் வரை உணவக பில்லில் ஒரு பங்கை அரசே ஏற்றது. கூட்டம் வந்தது. தொற்றும் சேர்ந்து வந்தது என்று வார்விக் பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது. அரசு ஏற்கும் தள்ளுபடிக்கே அப்படி, உங்களுடையது உங்கள் கையிலிருந்து போகும். செய்யாதீர்கள். கூட்டமில்லாத மணிகளில் வருபவர்களுக்குச் சின்னச் சலுகை கொடுங்கள்.

கே: தடுப்பூசி போட்டவர்கள் முகக்கவசம் இல்லாமல் வரலாமா?

ப: மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: பை, பொட்டலம், ரூபாய் நோட்டு எல்லாவற்றையும் துடைக்க...

ப: வேண்டாம், வேண்டாம். துடைக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறங்கள்.

கே: விழாவை இணையத்தில் நடத்தினால் கடைகளுக்கு என்ன பயன்?

ப: தானாக ஒன்றும் இல்லை, திட்டமிட்டால் உண்டு. இரண்டு நாள் முன்பே கடைகளிடம் ஒரு சிறு தொகுப்புப் பை தயாரிக்கச் சொல்லி, பணத்தை முன்னாலேயே வசூலித்துக் கொடுத்துவிடுங்கள். எத்தனை வேண்டும் என்று கடைக்குத் தெரியும், சரக்கு வீணாகாது. நேரம் பிரித்துக் கொடுத்து வாசலில் வந்து வாங்கச் சொல்லுங்கள், ஒரு முறைக்கு நாலு குடும்பம். அப்புறம் நிகழ்ச்சியில் கடைக்காரர்களையும் ஐந்து நிமிடம் பேசவிடுங்கள்.