பாய் சுருள மறுத்தால் உச்சியைப் பாருங்கள்

இந்த மாதம் வந்த கேள்விகள் எல்லாமே படகின் முன்பாயைச் சுருட்டும் ஃபர்லர் என்ற கருவியைப் பற்றியவை. பதில் சொல்பவர், லங்காவியில் பாய்மரப் படகுகளுக்குக் கம்பி, கயிறு வேலை பார்க்கும் ரிக்கர்.

கேள்வி: 33 அடியில் ஒரு பழைய படகு வாங்கியிருக்கிறேன். முன்பாய் ஒழுங்காக விரிகிறது. சுருட்டும்போது இரண்டு மூன்று சுற்றிலேயே நின்றுவிடுகிறது. கீழே கயிறு சுற்றும் டிரம்மைக் கழுவி எண்ணெய் விட்டும் பயனில்லை. மருமகன் அந்த ஃபர்லிங் கயிற்றை, கைப்பிடி சுழற்றிக் கயிறு இழுக்கும் வின்ச்சில் போட்டு இழுத்தார், சுருண்டது. இப்படியே தொடரலாமா? – வாசகர், லுமுட்

பதில்: வேண்டாம் ஐயா. மருமகனிடமிருந்து வின்ச் கைப்பிடியை முதலில் வாங்கி வையுங்கள். நல்ல ஃபர்லர் மிதமான காற்றில் வெறும் கைக்கே சுருளும். சுருளவில்லை என்றால் எல்லோரும் கைக்கு எட்டுகிற டிரம்மைத்தான் நோண்டுகிறார்கள். உங்கள் கோளாறு பாய்மரத்தின் உச்சியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பாயின் தலையில் ஸ்விவல் என்ற சுழலும் இணைப்பு இருக்கிறதல்லவா? அதன் கீழ்ப்பாதி பாயோடு சுற்ற வேண்டும். பாயை மேலே ஏற்றும் கயிறான ஹாலியார்டு கட்டிய மேல்பாதி அசையாமல் நிற்க வேண்டும். ஹாலியார்டு, பாய் சுருளும் அலுமினியக் குழாயை ஒட்டியே மேலே போனால், குழாய் சுற்றும்போது அதையும் தன்மேல் சுற்றிக்கொள்ளும். அப்போது வின்ச்சின் பலம் எங்கே போகும்? குழாய் முறுக்கிக்கொள்ளும், உள்ளே இருக்கும் முன்கம்பியின் இழைகள் பிரியும். பாய்மரத்தை முன்னால் பிடித்திருப்பதே அந்தக் கம்பிதான். அது அறுந்தால் பாய்மரமே சாயலாம்.

காற்றில்லாத காலையில் ஒருவரை மெதுவாகச் சுருட்டச் சொல்லிவிட்டு, படகுத்துறையில் நின்று பைனாகுலரில் உச்சியைப் பாருங்கள். ஹாலியார்டு குழாயிலிருந்து சுமார் 8 முதல் 10 டிகிரி பின்னால் விலகிப் போக வேண்டும். பழைய படகுகளில் இது கெடுவதற்கு வழக்கமான காரணம், முந்தைய உரிமையாளர் உயரம் குறைந்த பாய் மாட்டியிருப்பது. ஸ்விவல் கீழேயே நின்றுவிடும், மேலே நீளமாக ஹாலியார்டு தொங்கும். பாயின் தலைக்கும் ஸ்விவலுக்கும் நடுவில் டைனீமா என்ற வலுவான கயிற்றில் ஒரு துண்டு சேர்த்து, ஸ்விவலைக் குழாயின் உச்சி அருகே கொண்டுபோங்கள். குழாயைத் தாண்டி வெளியே போய்விடக் கூடாது, அளந்து செய்யுங்கள். ஸ்விவல் உயரம் சரியாக இருந்தும் கோணம் கிடைக்கவில்லையா? பாய்மரத்தில் ஹாலியார்டைப் பின்னால் பிடித்து வைக்கும் ரெஸ்ட்ரெய்னர் ஒன்றைப் பொருத்தலாம். ஸ்பின்னேக்கர் என்ற பலூன் போன்ற பாயின் ஹாலியார்டு முன்கம்பிப் பக்கம் தொங்குகிறதா என்பதையும் பாருங்கள். அதுவும் இதே சேட்டையைச் செய்யும்.

வின்ச் போட்டாயிற்று என்பதால், முன்கம்பியின் இரு முனைகளையும் ஒரு ரிக்கரிடம் காட்டாமல் கடலுக்குப் போகாதீர்கள்.

அப்புறம் அந்த எண்ணெய். எல்லா பிராண்டு ஃபர்லருக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. ஹார்க்கனுக்கு சோப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் போதும். ஃபர்லெக்ஸின் பேரிங்குக்கு கிரீஸ் வேண்டும். புரோஃபர்லில் பேரிங் மூடி அடைக்கப்பட்டது, அதற்கு எதுவும் வேண்டாம். கையேட்டைப் பார்க்காமல் ஊற்றிய எண்ணெய் உப்பையும் தூசியையும்தான் சேர்க்கும்.

கேள்வி: பாயை விரிக்கும்போது டிரம்முக்குள் கயிறு ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்கிறது. – வாசகி, பினாங்கு

பதில்: விரிக்கும்போது ஃபர்லிங் கயிற்றை அப்படியே விட்டுவிடுகிறீர்கள் அம்மா. காற்று பாயைப் பிடுங்கும், டிரம் வேகமாகச் சுற்றும், கயிறு தளர்வாக விழும். கயிற்றைக் கட்டும் கிளீட்டில் அரைச் சுற்று போட்டு, இழுவை குறையாமல் விடுங்கள். டிரம்முக்கு முன்னால் இருக்கும் கப்பியையும் பாருங்கள்: கயிறு முன்கம்பிக்குச் செங்கோணத்தில், டிரம்மின் நடு உயரத்துக்கு வர வேண்டும். கயிறு தடிமனாக இருந்து டிரம் நிரம்பிவிடுகிறது என்றால், உள்ளே சுற்றும் நீளத்துக்கு மட்டும் உள்இழையை உருவிவிடலாம். கைக்கு வரும் பகுதி பழைய தடிமனிலேயே இருக்கும்.

கேள்வி: ஊருக்குப் போனால் மாதக்கணக்கில் படகு மரினாவில் நிற்கும். சுருட்டிய பாயை அப்படியே விடலாமா? – வாசகர், கிள்ளான்

பதில்: விடாதீர்கள், இறக்கிவிடுங்கள். சுமத்ரா காற்று என்ற திடீர்ச் சூறைக்காற்று மலாக்கா நீரிணையில் பெரும்பாலும் இரவிலோ விடியலுக்கு முன்போதான் வரும், அந்த நேரத்தில் உங்கள் படகை ஓடிப்போய்ப் பார்க்க ஆள் இருக்காது. மேலே ஒரு சாண் பாய் அவிழ்ந்தால் போதும், மீதியைக் காற்று கிழித்துக்கொள்ளும்.

சில நாள்தான் என்றால், இறுக்கமாகச் சுருட்டி, பாயின் மூலையை இழுக்கும் ஷீட் கயிறுகளோடு மேலும் இரண்டு மூன்று சுற்று சுற்றி, டிரம்மையும் திரும்பாதபடி தனிக் கயிற்றால் கட்டுங்கள். அந்தக் கூடுதல் சுற்றுக்கு டிரம்மில் கயிறு மிச்சம் இருக்க வேண்டும். வெயில்காப்புத் துணி வெளிப்பக்கம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இங்குள்ள வெயிலில் துணிக்கு முன்னால் தையல் நூல் போய்விடும், நகத்தால் சுரண்டினாலே அறுந்தால் மறுதையல் போட வேண்டும்.

இறக்கிய பாயை நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்தபிறகு மடியுங்கள். ஈரத்தோடு படகுக்குள் திணித்தால் பூஞ்சை பிடிக்கும். அந்தக் கறையைப் போக்க என்னிடம் மருந்து கேட்டு எழுதாதீர்கள்.