பிறந்ததிலிருந்தே வாசனை தெரியாதவர்களுக்கு மூளையில் என்ன குறை இருக்கும்?

என் தம்பிக்கு இந்தக் குறை உண்டு. பெயர் கால்மன் நோய்க்குறி. மூக்கின் கூரைக்கு நேர் மேலே, மூளையின் முன்பகுதிக்கு அடியில் இடமும் வலமுமாக இரண்டு நுகர்குமிழ்கள் (மூக்கிலிருந்து வரும் வாசனைச் செய்தி முதலில் போய்ச் சேரும் மூளைப் பகுதிகள்) இருக்க வேண்டும். அவனுடைய எம்.ஆர்.ஐ. படத்தில் இரண்டையுமே காணோம்.

ஆனால் கோளாறு தொடங்குவது மூளையில் இல்லை, மூக்கில். கரு ஐந்து வார அளவில் இருக்கும்போது, முகம் உருவாகும் இடத்தில் மேல்படலம் இரண்டு பக்கமும் தடிக்கிறது. வாசனை நரம்பு செல்கள் பிறப்பது அங்கேதான். அவற்றின் இழைகள் மேலே வளர்ந்து மூளையின் முன்முனையைத் தொடுகின்றன. தொட்ட பிறகுதான் அந்த இடம் புடைத்துக் குமிழாகிறது. இழைகள் வந்து சேராவிட்டால் குமிழ் உருவாகாது, உருவானாலும் சரியாக வளராது.

சரியாக வளர்ந்த குமிழின் வேலை அழகானது. மனித மூக்கில் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள், அதாவது வாசனை மூலக்கூறுகளைப் பிடிக்கும் புரதங்கள், இருக்கின்றன. ஒரு நரம்பு செல் பொதுவாக ஒரே வகை ஏற்பியைத்தான் தாங்குகிறது. இந்த ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக் குடும்பத்தை 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் கண்டுபிடித்தார்கள். 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே வகை செல்கள் மூக்கில் அங்கங்கே சிதறிக் கிடந்தாலும், அவற்றின் இழைகள் சல்லடை போன்ற எலும்பைத் தாண்டிக் குமிழுக்குள் போனதும் குறிப்பிட்ட சில முடிச்சுகளில் ஒன்றுகூடிவிடும். எலியில் ஒரு குமிழுக்குப் பெரும்பாலும் இரண்டே முடிச்சுகள். ஆகவே மல்லிகை என்பது குமிழில் ஒரு புள்ளிக் கோலம், காப்பி இன்னொரு கோலம். அக்கம்பக்கத்துச் செல்கள் ஒன்றையொன்று அடக்கி அந்தக் கோலத்தைத் துலக்குகின்றன. பிறகு செய்தி, மற்ற புலன்களைப் போல முதலில் மூளையின் நடுவில் உள்ள தாலமஸ் என்ற இடைநிலையம் வழியாகச் சுற்றாமல், நேரே மூளையின் மேலடுக்கான புறணிக்கும் உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கும் போகிறது.

(2019இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள், படத்தில் குமிழே தெரியாத, ஆனால் நன்றாக வாசனை அறியும் சில பெண்களைப் பற்றி எழுதினார்கள். இதற்கு நிச்சயமான விளக்கம் கிடைக்கவில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த புதிர் அது.)

இனிதான் பெற்றோர்கள் அவசியம் படிக்க வேண்டிய பகுதி. பருவமடைதலைத் தொடங்கி வைக்கும் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கும் செல்களும் கருவின் மூக்குப் பகுதியில்தான் தோன்றுகின்றன. மூக்கிலிருந்து போகும் நரம்பு இழைகளைப் பிடித்துக்கொண்டே அவை மூளைக்குள் நடந்து, ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் ஹைபோதாலமஸ் என்ற பகுதிக்குப் போய்ச் சேர வேண்டும். கால்மன் குறையோடு இருந்த 19 வாரக் கரு ஒன்றை ஆராய்ந்து 1989இல் எழுதினார்கள். அந்த செல்கள் மூளைக்குள் நுழையாமல் மூக்குக்கும் மூளைக்கும் நடுவிலேயே தேங்கி நின்றன. பாதை இல்லாததால் வாசனையும் போகிறது, பருவமும் தள்ளிப்போகிறது.

என் தம்பிக்குப் பதினேழு வயதிலும் குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை. "சில பிள்ளைகளுக்கு லேட்டாகும்" என்றே பார்த்த மருத்துவர்கள் சொன்னார்கள். கடைசியாகப் பார்த்த ஹார்மோன் மருத்துவர்தான், "தம்பி, உனக்கு வாசனை தெரியுமா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை. வீட்டில் எங்களுக்கும் சந்தேகம் வந்ததில்லை. மிளகாய் வறுத்தால் அவனும் எங்களோடு சேர்ந்து இருமுவான், விக்ஸ் தடவினால் ஜில்லென்கிறது என்பான். நெடியையும் குளிர்ச்சியையும் முகத்தின் முப்பெருநரம்பு உணர்கிறது. அதற்கு நுகர்குமிழ் தேவையில்லை. அதனால் பிள்ளைக்கு வாசனை தெரிகிறதா என்று பார்க்க விக்ஸைக் கொடுக்காதீர்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு காப்பித்தூளை நீட்டுங்கள். பையனுக்கு 14 வயதாகியும், பெண்ணுக்கு 13 வயதாகியும் பருவத்தின் அறிகுறியே இல்லையென்றால் ஹார்மோன் மருத்துவரிடம் காட்டுங்கள். வாசனையும் தெரியவில்லையென்றால் அதை நீங்களாகவே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பருவத்துக்குச் சிகிச்சை உண்டு. தம்பிக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறார்கள், குரல் மாறிவிட்டது. பின்னாளில் குழந்தை வேண்டுமென்றால் அதற்கு வேறு ஹார்மோன் ஊசிகள் இருக்கின்றன, பலருக்கும் பலன் தருகின்றன. வாசனைக்கு மட்டும் இன்றுவரை மருந்து இல்லை. சமையல் கேஸ் கசிந்தால் அவனுக்குத் தெரியாது என்பதால் சமையலறையில் அலாரம் வைத்திருக்கிறோம்.