பேனா விலைக் கணக்கில் மெய் மூலம் கிடைக்காதது ஏன்?

ரூ.1,200க்கு வாங்கும் பேனாக்களில், ஒன்றின் விலை ரூ.10 கூடினால் 20 பேனாக்கள் குறையும், அப்படியானால் ஒரு பேனாவின் விலை என்ன என்பதே கணக்கு. அந்த விலையை வி என்று கொண்டு நீங்கள் பெற்ற சமன்பாடு வி² + 10வி + 600 = 0; இதற்கு மெய் மூலம், அதாவது மெய்யெண்ணாக அமையும் தீர்வு, இல்லை. இதில் கடைசி உறுப்பின் குறி மட்டுமே தவறு. அது −600 என்று இருந்தால் (வி + 30)(வி − 20) = 0 ஆகி, ஒரு பேனாவின் விலை ரூ.20 என்று கிடைக்கும்.

"கூடினால்" என்பதைக் கண்டதும் கூடிய விலைக்குரிய எண்ணிக்கையை முன்னால் வைத்து, 1200/(வி+10) − 1200/வி = 20 என்று எழுதியிருப்பீர்கள் என நினைக்கிறேன். விலை ஏறும்போது எண்ணிக்கை இறங்குவதால், அந்த இடப்பக்கம் எந்த விலைக்கும் குறை எண்ணாகவே இருக்கும். 20க்கு ஒருபோதும் சமமாகாது. தன்மைகாட்டி (மெய் மூலம் உண்டா என்று காட்டும் b² − 4ac) 100 − 2400 = −2300 என்று குறை எண்ணாக வந்ததற்கும் இந்தக் கழித்தல் வரிசையே காரணம். பெரிய எண்ணிக்கையிலிருந்து சிறியதைக் கழியுங்கள்:

1200/வி − 1200/(வி+10) = 20

சமன்பாட்டைத் தீர்க்கத் தொடங்கும் முன், ஏதேனும் ஒரு விலையை, எடுத்துக்காட்டாக ரூ.30ஐ, இடப்பக்கத்தில் இட்டுப் பாருங்கள். 40 − 30 = 10 என்று மிகை எண் வந்தால் கழித்தலின் வரிசை சரி. விடையையும் அவ்வாறே சோதிக்கலாம்: ரூ.20க்கு 60 பேனாக்கள், ரூ.30க்கு 40.

மற்றொரு மூலமான −30 விலையாகாது என்பதால் அதை விட்டுவிடலாம். (அதன் குறியை நீக்கினால் கூடிய விலை கிடைப்பது தற்செயலன்று, இவ்வகைக் கணக்குகளில் அது இயல்பு.)

மொத்தத் தொகை இரு நிலைகளிலும் மாறாதிருந்தால் மட்டுமே இந்த அமைப்புப் பொருந்தும். தொகையும் மாறும் கணக்குகளில் இரண்டாம் பின்னத்தின் தொகுதியில் புதிய தொகையை எழுத வேண்டும்.