கொரோனா லீவுல ஆன்லைன்ல படிச்ச பசங்களுக்குப் படிப்பு எவ்வளவு போச்சு, அப்புறம் சரியாச்சா?

நிறையவே போச்சு, ஆனா நாம பயந்த மாதிரி போனது போனதுதான்னு ஆகல. தமிழ்நாட்டுல 2020 மார்ச்சுல மூடின ஸ்கூல், ஒண்ணாவதுலேருந்து எட்டாவது வரைக்கும் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்துச்சு. நடுவுல கல்வி தொலைக்காட்சில பாடம் ஓடுச்சு, வாட்ஸ்அப்ல ஹோம்வொர்க் வந்துச்சு, ஆனா புரியலன்னு கையைத் தூக்கினா டிவி நின்னு திரும்பச் சொல்லாதுல்ல.

எங்க அக்கா வீட்டுல ஒரே போன், மாமா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவார், ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் வந்ததும் பசங்க ரெண்டு பேரும் நோட்டோட சுத்தி உக்காருவாங்க, சின்னவன் தூக்கக் கலக்கத்துல ஸ்கிரீனைப் பார்த்து அப்படியே எழுதி போட்டோ அனுப்பிட்டுப் படுத்துடுவான். ஒண்ணாவது முடியுறப்போ மூடினது, திறக்கறப்போ அவன் மூணாவது, கடன் வாங்கிக் கழிக்கவே தெரியல.

கிராமப்புறத் தமிழ்நாட்டுல சுமார் 19,000 பசங்களை வச்சு பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் இன்னும் ரெண்டு பேரும் பண்ண ஆய்வுலயும் இதேதான், தமிழை விட கணக்குல அடி ஜாஸ்தி. ஆனா ஸ்கூல் திறந்த ஆறு மாசத்துல இழந்ததுல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துடுச்சு, அதுல கிட்டத்தட்ட கால்வாசி இல்லம் தேடிக் கல்வியாலன்னு கணக்குப் போட்டிருக்காங்க. அது 2021 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச திட்டம், தன்னார்வலர்கள் சாயங்காலம் தெருவுலயே சொல்லிக்குடுத்தாங்க. எங்க சின்னவனுக்கும் பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தங்க திண்ணைல புளியங்கொட்டை வச்சுச் சொல்லிக்குடுத்துதான் கழித்தல் வந்துச்சு.